முன்னொட்டு நீக்கப் போய் மூன்று வார இறுதிகளைத் தொலைத்த கதை

பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஒரு குட்டி ஃபங்ஷனைச் சேர்க்கச் சொல்லி முன்மொழிவு எழுத உட்கார்ந்தேன். மூன்று வார இறுதிகள் வீண். இதே எண்ணம் உள்ளவர்கள் என்னைப்போல் அலைய வேண்டாம்.

கோலாலம்பூரில் கார் நிறுத்துமிடங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். கார் எண்ணுக்கு முன்னால் 'டபிள்யூபி-', 'பிஜி-' என்று கிளைக் குறியீடு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்கப் பழைய நிரலில் எல்ஸ்டிரிப் என்ற பைத்தான் ஃபங்ஷனைப் போட்டிருந்தார்கள். எல்ஸ்டிரிப்புக்குச் சொல் தெரியாது. கொடுத்த எழுத்துகளில் எது முன்னால் நின்றாலும் உரித்துக்கொண்டே போகும். 'டபிள்யூபி-டபிள்யூபிசி1234' கடைசியில் 'சி1234' ஆகிவிட்டது. மாதக் கட்டணம் கட்டியவருக்கே தடுப்புக் கட்டை திறக்கவில்லை.

2020இல் பைத்தான் 3.9இல் வந்த, முன்னொட்டை முழுச் சொல்லாகப் பார்த்து ஒரே முறை நீக்கும் ரிமூவ்பிரிஃபிக்ஸ் இதற்குச் சரியான மருந்து. ஆனால் ஒரே ஒரு முன்னொட்டைத்தான் வாங்கும். ஒரு சரம் எதில் தொடங்குகிறது என்று பார்க்கும் ஸ்டார்ட்ஸ்வித் பலவற்றை டியூபிளாக, அதாவது ஒரே தொகுப்பாக, வாங்குகிறதே, இது மட்டும் ஏன் வாங்கக்கூடாது? நிரல், சோதனைகள், விளக்கம் எல்லாம் எழுதி முடித்தேன்.

அனுப்புவதற்கு முந்தின இரவுதான் ரிமூவ்பிரிஃபிக்ஸைக் கொண்டுவந்த பெப் 616 என்ற பைத்தான் முன்மொழிவு ஆவணத்தைக் கடைசிவரை படித்தேன். நிராகரித்த யோசனைகளுக்கு நடுவே என் யோசனையும் இருந்தது. பல முன்னொட்டுகள் பொருந்தினால் எதை நீக்குவது என்பதுதான் சிக்கல். நெஞ்சு அடைத்துப்போனது. தயவுசெய்து அந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்தபடி கூட வேலை செய்யும் இருவரிடம் கேட்டேன்: 'பி-', 'பி-ஜி-' இரண்டும் பட்டியலில் இருந்தால்?

"எது முதல்ல இருக்கோ அதுதான் அண்ணே."

"இல்லண்ணே, எது நீளமோ அது."

இரண்டும் நியாயம். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உலகமே அதை நம்பி நிரல் எழுதும். பிறகு மாற்ற முடியாது. அதனால் மறுத்தது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்று, ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உள்ள ஐட்டர்டூல்ஸ் என்ற தொகுதியின் ஆவணத்தில் ரெசிப்பி பகுதியை, அதாவது நகலெடுத்துப் பயன்படுத்த வைத்திருக்கும் மாதிரி நிரல்களை, பாருங்கள். அடுத்தடுத்த இரண்டிரண்டை ஜோடியாகத் தரும் பேர்வைஸ் பல வருடம் அங்கே ரெசிப்பியாகக் கிடந்து பைத்தான் 3.10இல்தான் லைப்ரரிக்கு உள்ளே வந்தது. உங்களுக்கு வேண்டியதும் அங்கே இருக்கலாம்.

என் ஃபங்ஷனை அலுவலகத்தின் பொதுக் கோப்பில் சேர்த்தேன், நீளமானதே முதலில் என்ற விதியோடு. அப்போதுதான் தேடிப் பார்த்தேன்: இதே வேலையைச் செய்யும் நிரல் எங்களிடம் ஏழு இடங்களில் இருந்தது. ஐந்து முதலாவதை நீக்கின, இரண்டு நீளமானதை. ஏழையும் எடுத்தாயிற்று. அந்தக் காருக்குக் கட்டை திறக்கிறது.