பெரிய டயர் போடணும்னா முதல்ல வீல் ஆர்ச்சுக்குள்ள கைய விடுங்க

ஆஃப்ரோடு வண்டிக்கு பெரிய டயர் போடணும்னு ஆசை வந்துட்டா எல்லாரும் முதல்ல உக்காந்து பாக்குறது டயர் சைஸ் சார்ட்தான், அப்புறம் எல்லா ரோட்டுக்குமான ஆல் டெரெய்னா, சேத்துக்கான மட் டெரெய்னானு ஒரு மண்டை உடைப்பு, அப்புறம் வண்டிய உயர்த்துற லிஃப்ட் கிட் வேணுமா வேண்டாமானு இன்னொரு மண்டை உடைப்பு. வீல் ஆர்ச்சுக்குள்ள, அதாவது டயருக்கு மேல வளைஞ்சு நிக்குற பாடி தகட்டுக்குள்ள, கைய விட்டு தடவிப் பாக்குற ஆள் ரொம்ப கம்மி. பழைய வண்டின்னா முதல் வேலையே அதுதான்னு நான் சொல்லுவேன், ஏன்னா பெரிய டயருக்கு இடம் பண்ண நாம எங்க வெட்டப் போறோமோ கரெக்டா அங்கதான் துருவும் குடியிருக்கு.

இது தற்செயல் கிடையாது. ஆர்ச்சோட விளிம்புல வெளித்தகடும் உள்தகடும் ஒன்னா சேந்து ஒரு உதடு மாதிரி மடிஞ்சிருக்கும், அத அங்கங்க புள்ளி புள்ளியா ஸ்பாட் வெல்டு வச்சு புடிச்சிருப்பாங்க. ரெண்டு ஸ்பாட்டுக்கு நடுவுல இருக்குற முடியளவு இடுக்கு போதும், தண்ணி தானா உள்ள ஏறிடும். டயர் வாரி அடிக்கிற சேறு அந்த உதட்டு மேல போய் உக்காந்துக்கும், வெளிய வண்டி காஞ்சு போயிருக்கும் ஆனா அந்த சேறு மட்டும் நாள் கணக்குல ஈரமாவே இருக்கும். அதுல உப்பு வேற கலந்திருந்தா, கடல் ஓரமோ உப்பு தூவுன ரோடோ, கேக்கவே வேணாம். துரு ஆனதும் இரும்பு அதோட பழைய அளவ விட பல மடங்கு ஊதும், அந்த ஊதல் ரெண்டு தகட்டையும் இன்னும் பிரிக்கும், பிரிஞ்ச இடத்துல இன்னும் தண்ணி போகும். வெளிய பெயின்ட்ல சின்னதா ஒரு கொப்புளம் தெரியுதுன்னா அது சொத்தைப் பல்லுல மேல தெரியுற கரும்புள்ளி மாதிரிதான், உள்ள வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும்.

என் வண்டில முந்தின ஓனர் ஆர்ச் விளிம்பு மேல வெளிய நீட்டிட்டு நிக்குற பிளாஸ்டிக் ஃபிளேர் போட்டு வச்சிருந்தாரு, பாக்க சூப்பரா இருந்துச்சு. கழட்டினா பின்னாடி ஒட்டியிருந்த ஃபோம் டேப் தண்ணியக் குடிச்சு ஊறிப் போய் கிடந்தது, புழிஞ்சா பழுப்பா சொட்டுது. ஸ்க்ரூ போட்ட ஒவ்வொரு ஓட்டையச் சுத்தியும் ஒரு துரு வட்டம். ஸ்க்ரூடிரைவரோட கைப்பிடியால ஆர்ச் முழுக்க தட்டிக்கிட்டே வந்தேன், நல்ல தகடு டங்னு சொல்லும், உள்ள போனது டொக்குனு செத்த சத்தம் குடுக்கும். டொக்குனு சொன்ன இடத்துல முனைய வச்சு லேசா அழுத்தினா உள்ள போயிருச்சு, ஏடு ஏடா உரிஞ்சு கைல வந்துச்சு. இந்த தட்டிப் பாக்குற வேலைக்கு காசே கிடையாது, டயர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பண்ணிடுங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

இப்ப டயர் கணக்கு. உதாரணத்துக்கு 215/75 ஆர்15ல இருந்து 235/75 ஆர்15க்கு போறோம்னு வைங்க (முதல் நம்பர் டயரோட அகலம் மி.மீ.ல, அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தன சதவீதம்னு, கடைசி ரிம் விட்டம் இன்ச்ல). முதலாவதோட விட்டம் சுமாரா 703 மி.மீ., ரெண்டாவது 733 மி.மீ., அதாவது 30 மி.மீ. பெருசு. இதுல பாதிதான் கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு கிடைக்கும், 15 மி.மீ. அதே 15 மி.மீ. டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவுல இருக்குற இடத்துலயும் குறையும், இத யாரும் சொல்றதில்ல. ஸ்பீடோமீட்டரும் 4 சதவீதத்துக்கு மேல கம்மியா காட்டும், 60 காட்டும்போது நிஜமா 62, 63ல போயிட்டிருப்பீங்க. அகலம் 20 மி.மீ. கூடுது, அது பெருசா தெரியாது, ஆனா ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்கும்போது டயரோட மூலை ஒரு பெரிய வட்டம் போடும் பாருங்க, உரசுறது அங்கதான். முன்னாடி பம்பரோட மூலை, பின்னாடி ஃபெண்டர் கீழ முடியுற இடம், அங்க இருக்குற தகட்டு மடிப்பு. ரிம் ஆஃப்செட்ட (ரிம் எவ்ளோ உள்ள இல்ல வெளிய உக்காருதுங்கற அளவு) மாத்தி டயர வெளிய தள்ளினா உள்பக்கம் உரசல் போகும், ஆனா அந்த வட்டம் இன்னும் பெருசாகும், ரிம்முக்கு உள்பக்கம் ஸ்பேசர்னு ஒரு தடுப்பு வளையம் போட்டாலும் அதே கதைதான்.

சும்மா நிக்குற வண்டில டயர மாட்டி கை விட்டுப் பாத்துட்டு இடம் இருக்குனு சொல்றதெல்லாம் வேலைக்காகாது. யார்கிட்டயாவது அந்த சைஸ்ல ஒரே ஒரு டயர் இரவல் வாங்குங்க, சேஸிஸ ஸ்டாண்டுல நிறுத்துங்க, ஒரு பக்க ஸ்பிரிங்க கழட்டிட்டு ஜாக்கியால ஆக்ஸில பம்ப் ஸ்டாப் (அது மேல ஏறுறத தடுத்து நிறுத்துற ரப்பர் கட்டை) வரைக்கும் மேல ஏத்துங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் எப்படி உக்காந்திருக்கு, அத பாதுகாப்பா எடுக்க என்ன டூல் வேணும்னு தெரிஞ்சுக்கோங்க, காயில் ஸ்பிரிங் விளையாட்டு சாமான் இல்ல. மேல ஏத்துன நிலைமைல முன் சக்கரத்த ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடிக்கு திருப்புங்க, எங்க தொடுதோ அங்க சாக்பீஸ்ல கோடு போடுங்க. ரெண்டு பக்க சக்கரமும் ஒரே கெட்டி ஆக்ஸில்ல இருக்குற வண்டின்னா மேல ஏறுற பக்கத்துல டயரோட தலை உள்பக்கமா சாயும், அதனால உள்தகட்டையும் பாருங்க.

இப்போ உங்க வண்டில ரெண்டு கோடு இருக்கும். ஒன்னு டயர் கேக்குற கோடு, இன்னொன்னு நல்ல தகடு ஆரம்பிக்கிற கோடு. எது மேல இருக்கோ அங்கதான் வெட்டு. எனக்கு பின் ஆர்ச்சுல டயருக்கு ரெண்டு விரல் அளவு வெட்டினா போதும், துரு நாலு விரல் வரைக்கும் ஏறியிருந்துச்சு. கூட வந்த ஃப்ரெண்டு "டேய் ரெண்டு விரல் வெட்டிட்டு மேல கன்வெர்ட்டர் அடிச்சு ஃபிளேர போட்டு மூடிடுடா, யாருக்குத் தெரியப் போகுது"ன்னான். (கன்வெர்ட்டர்னா துருவ கருப்பு படலமா மாத்துற மருந்து.) யாருக்கும் தெரியாதுதான், அதுதானே பிரச்சனையே.

இன்னொரு முக்கியமான விஷயம், இத சொல்லாம நிறைய பேரு கிரைண்டர எடுத்துடறாங்க. அந்த உதட்ட வெட்டி எடுத்தீங்கன்னா ஸ்பாட் வெல்டும் சேந்து போயிடும், அப்புறம் வெளித்தகடும் உள்தகடும் தனித்தனியா ஆடும். அப்படியே விட்டா அந்த வாய் வழியா சேறு நேரா பாடி பேனலுக்குள்ள போய் சேரும், அங்க நீங்க தண்ணி அடிச்சு கழுவவும் முடியாது. ரெண்டையும் திரும்ப சேத்து வெல்டு பண்ணியே ஆகணும். தகடு நல்லா இருக்குற இடத்துல வெட்டவே வேண்டாம், சின்ன சின்ன கீறல் போட்டு சுத்தியலால உள்பக்கமா மடிச்சு அங்கங்க டாக் (சின்ன வெல்டு புள்ளி) வச்சுக்கலாம், எனக்கு இந்த முறைதான் புடிக்கும். துருப்புடிச்ச தகட்ட மடிக்க முடியாது, விரிசல் விடும். கேபின் மவுன்ட், டோர் கீழ ஓடுற சில், சீட் பெல்ட் போல்ட் இருக்குற பக்கம், இதெல்லாம் டயருக்காக நம்ம இஷ்டத்துக்கு வெட்டுற இடமே இல்ல. அங்க துரு இருந்தா டயர் ஆசைய ஓரமா வச்சுட்டு கட்டமைப்பு வேலை தெரிஞ்ச வெல்டர்கிட்ட போங்க.

துருவ எடுக்குறதுல எனக்கு ஒரு பெரிய கடுப்பு ஒயர் பிரஷ் மேலதான். கிரைண்டர்ல ஒயர் கப் போட்டு ஓட்டினா துரு பளபளன்னு பாலிஷ் ஆகி கருப்பா மின்னும், சுத்தமாயிருச்சுன்னு நாம நினைச்சுக்குவோம், குழிக்குள்ள எல்லாம் அப்படியே இருக்கும். ஃபிளாப் டிஸ்க் எடுக்கும்தான், ஆனா பாடி தகடே ஒரு மி.மீ. கூட இருக்காது, ரெண்டு நிமிஷம் ஒரே இடத்துல வச்சா பேப்பராயிடும். ஸ்ட்ரிப் டிஸ்க்ல பெயின்ட எடுத்துட்டு, குழிகளுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி போட்டு ஈரம் காயாம வச்சிருந்து, பிரஷ்ல தேச்சு, டப்பால போட்டிருக்குற மாதிரி கழுவி உடனே காய வச்சா குழி அடி வரைக்கும் சாம்பல் நிறத்துல தெரியும். ஆசிட் மிச்சம் இருந்தா மேல அடிக்கிற எபாக்ஸி பிரைமர் ஒழுங்கா ஒட்டாது. ரஸ்ட் கன்வெர்ட்டர் கெட்ட சாமான் இல்ல, உதிராத, இறுக்கமா ஒட்டிட்டிருக்குற லேசான துருவுக்கு சரி, ஏடு ஏடா வர்றதுக்கு மேல அடிச்சா கருப்பு பெயின்ட் அடிச்ச துருதான் மிச்சம். ஜிங்க் பிரைமர் அடிக்கிறவங்களுக்கு ஒன்னு, ஜிங்க் நேரா வெறும் இரும்ப தொட்டாதான் அது வேலை செய்யும், கன்வெர்ட்டர் மேல அடிச்சா தண்டம்.

ஓட்டைக்கு பட்டி வச்சு அடைக்கிறத பத்தி பேசவே எனக்கு எரிச்சல் வருது. பட்டி தண்ணிய உறிஞ்சும், பின்னால ஆதரவு இல்லாம நிக்கும், வண்டி கல்லுல முறுக்கும்போது ஓரம் விடும். அதே தடிமன்ல புது தகடு வெட்டி வச்சு மிக் வெல்டிங்ல ஒரு டாக் இங்க, அடுத்தது எதிர்ப்பக்கம்னு மாத்தி மாத்தி வச்சா சூட்டுல நெளியாது, ஒரே இழுப்பா இழுத்தா பேனல் அலை அலையா போயிடும். வெல்டு பண்றதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ்வ கழட்டுங்க, பின்பக்கம் கார்ப்பெட், ஒயரிங், பெட்ரோல் பைப் எதாவது இருக்கான்னு பாருங்க, தீயணைப்பான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும், முடிஞ்சதும் கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க. கண்ணாடியும் மாஸ்கும் போட சொல்லி வேற சொல்லணுமா.

அதுக்கப்புறம் வரிசை இதுதான்: எபாக்ஸி பிரைமர், தகடு சேருற ஓரமெல்லாம் இடுக்க அடைக்கிற சீம் சீலர், பெயின்ட், வெளிய கல்லடி தாங்குற கோட்டிங். உள்பக்கம் வெல்டு சூட்டுல பழைய பெயின்ட் எரிஞ்சிருக்கும், அங்க பிரஷ் போகாது, அதனால நீள ட்யூப் வச்சு கேவிட்டி வேக்ஸ் (பேனல் உள்குழிக்குள்ள அடிக்கிற மெழுகு) அடிக்கணும், இது இல்லைன்னா பண்ண வேலை எல்லாம் உள்ள இருந்து திரும்ப ஆரம்பிக்கும். அடிக்கும்போது கீழ இருக்குற டிரெயின் ஓட்டைய அடைச்சுடாதீங்க. துருவ எடுக்காம மேல தார் மாதிரி கெட்டியா ரப்பர் கோட்டிங் அடிக்கிறது இருக்கே, அது துருவுக்கு போர்வை போத்தி தூங்க வைக்கிறதில்ல, போர்வைக்குள்ள நிம்மதியா சாப்பிட விடுறது.

ஃபிளேர் திரும்ப போட்டேன், டயர் வெளிய நீட்டிட்டிருந்தா மண்ணும் கல்லும் டோர் சில் மேல அடிச்சு பெயின்ட சொரண்டிடும், அதனால அது அலங்காரம் மட்டும் இல்ல. ஃபோம் டேப் மட்டும் போடல. ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்னோட விளிம்புலயும் பிரைமர் தொட்டு வச்சு, வேக்ஸ் தடவி மாட்டினேன். வெட்டுன விளிம்புல மாட்டுற யூ ஷேப் ரப்பர் பீடிங்கும் எனக்கு ஆகாது, அது விளிம்புல தண்ணிய கட்டி வச்சுக்கும். சேத்துல போய்ட்டு வந்தா பாடிய பளபளப்பாக்குறத விட ஆர்ச்சுக்குள்ள ஹோஸ விட்டு கீழ தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அடிங்க.

பிரேக், கியர் ரேஷியோ, வீல் பேரிங் எல்லாம் பெரிய டயரால கொஞ்சம் கஷ்டப்படும், அது தனியா எழுத வேண்டிய சமாச்சாரம். டயர் சைஸ் மாத்துறதுக்கு உங்க ஊர்ல சட்டமும் இன்சூரன்ஸும் என்ன சொல்லுதுன்னும் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

துருன்னதும் எல்லாரும் மறக்குற இடம் ஸ்டெப்னி. பின் கதவுல தொங்குற ஸ்டெப்னியும் பெருசாயிடும், வெயிட்டும் கூடும், குண்டு குழில ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த வெயிட்ட ஹின்ஜ் சுத்தி இருக்குற தகடுதான் தாங்குது. அங்க பெயின்ட்ல முடி மாதிரி விரிசல் விட்டு அதுக்குள்ள பழுப்பு கோடு தெரிஞ்சா, ஸ்டெப்னிய இறக்கி சேஸிஸோட புடிக்கிற தனி கேரியர் போட்டுக்கோங்க. என் வண்டிக்கு அடுத்த வேலை அதுதான், பின் கதவு டிரிம்ம கழட்டி வச்சாச்சு.