ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில்

மலேசியாவில் ஊழியர் சேமநிதிப் பணத்தை 55 வயதில் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. நடுவில் கிடைக்கும் ஐந்து வருடத்தில் வேலையும் இருக்கும், எட்டினால் கிடைக்கிற மாதிரி பணமும் இருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருக்கும் நான் இப்போது அந்த இடைவெளியில்தான் இருக்கிறேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. சேமநிதியில் கை வைக்கவில்லை. அது பாட்டுக்கு லாப ஈவு சேர்த்துக்கொண்டிருக்கிறது.

வேலை ஒன்றும் மாறவில்லை. அதே செக்ரோல் என்கிற ஆட்களின் வருகை, சம்பளப் பதிவேடு, அதே செம்பனைக் குலைக் கணக்கு. மழை பெய்தால் லாரி சேற்றில் மாட்டிக்கொள்ளும், குலை ஆலைக்குத் தாமதமாகப் போகும், ஏச்சு எனக்கு விழும். முன்பெல்லாம் அந்த ஏச்சு என்னோடு வீட்டுக்கு வரும். குழம்பில் உப்பில்லை என்று மனைவி மேல் விழும். இப்போது ஏச்சு வாங்கிக்கொண்டே லாரிக்காரருக்குப் போன் போடுகிறேன். மோட்டார் சைக்கிள் டயர் வெடித்தால் மாசக் கடைசியா என்று பார்ப்பதில்லை. கடையில் விட்டுவிட்டு, பக்கத்து ஒட்டுக்கடையில் பசியாறப் போய்விடுகிறேன். வயசானதால் வந்த பக்குவம் என்கிறார்கள் நண்பர்கள். பக்குவம் என்றால் கடன் கட்டி முடித்த மாதம் பார்த்தா வரும்?

ஒருமுறை நிர்வாகி, ஆட்களின் ஓவர்டைம் கணக்கைக் கொஞ்சம் அடுத்த மாதத்துக்குத் தள்ளச் சொன்னார். “சரி வராது சார், இந்த மாசமே போட்டுருவோம்” என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கடன் இருந்த காலமாக இருந்தால் இந்த ஒரு வரிக்கு ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருப்பேன்.

அப்பா காலத்தில் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். துரைக்கு எதிரில் யாரும் வாய் திறக்காததற்கு அது பெரிய காரணம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அப்போது அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் ஆரம்பித்தார். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளி எதற்கு என்று எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

என் வயதுதான் ஆட்களை வேலை வாங்கும் எங்கள் மண்டோருக்கும். ஐம்பதில் சேமநிதியிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்துக் கூரை மாற்றினார். ஐம்பத்தைந்தில் மிச்சம் மகளின் கல்லூரிக்குப் போயிற்று. எதுவும் வீண் செலவு இல்லை. இரவு பத்து மணிக்கு நிர்வாகியின் வாட்ஸ்அப் வந்தால் அவர் உடனே “சரி சார்” போடுகிறார். நான் காலையில் பார்த்துக்கொள்கிறேன். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஆபிசில் பையன்கள் கிண்டல் செய்வார்கள். என்னை மட்டும் தைரியசாலி என்கிறார்கள், அதுதான் வேடிக்கை.