பேரூராட்சியின் கையிருப்பு

மதுரை மாவட்டத்துச் சோழவந்தானுக்குச் செல்லும்போதெல்லாம், அந்தப் பேரூராட்சி எந்த வருவாயைக் கொண்டு காலம் தள்ளுகிறது என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கியது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சுடுகாடு என மக்கள் நாள்தோறும் முறையிடுபவை அவற்றில் அடங்கும். பணிகளை அடுக்கிய தாராளத்தைப் பணத்தில் காட்டவில்லை என்பது என் எண்ணம். எந்த வரியை விதிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டுவிட்டு, நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கச் சொன்னது. சொந்த வருவாய் என்றால் சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை போன்றவைதாம். மதுரை மாநகரை ஒட்டிய பரவையில் கட்டடங்கள் பெருகப் பெருகச் சொத்துவரியும் கூடும், வெற்றிலைக் கொடிக்காலும் நெல்வயலும் சூழ்ந்த சோழவந்தானுக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆகவே அத்தகைய ஊர்கள் மாநில அரசின் பகிர்வு நிதியையே பெரிதும் எதிர்பார்த்திருக்கின்றன.