மூக்கு கழுவ ரெண்டு நிமிஷம், தண்ணீருக்கு ரெண்டு நாள்

"உப்புத் தண்ணியில மூக்கைக் கழுவுங்க. காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா." சீட்டில் மருந்துகளுக்குக் கீழே இந்த ஒரு வரிதான் இருந்தது. எவ்வளவு உப்பு, என்ன தண்ணீர், எதில் ஊற்றிக் கழுவுவது, எதுவும் கிடையாது. கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று. ஆனி ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும்போதும், பிசான நெல் அறுவடைத் தூசி கிளம்பும்போதும் தும்மித் தும்மியே மூக்கடைத்துக் கிடப்பவர் நம்ம நெல்லைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளில் புகையிலைத் தூள் வேறு. அவர்களில் யார் கையிலாவது இதே ஒரு வரிச் சீட்டு இருந்தால், என் அலைச்சல் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

முதல் அலைச்சல் தண்ணீருக்கு. டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டால், "இன்வெர்ட்டருக்கா? எதுத்தாப்புல பேட்டரிக் கடையில அஞ்சு லிட்டர் கேன் கிடைக்கும் அண்ணாச்சி" என்று கை காட்டினார்கள். வாங்கி வீட்டுக்குச் சுமந்து வந்த பிறகுதான் கேனில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். தயவுசெய்து இதை வாங்காதீர்கள். பேட்டரித் தண்ணீரில் தாது உப்புகளை எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். கிருமி செத்திருக்கிறதா, கேன் சுத்தமாக இருந்ததா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மூக்குக்குத் தேவை கிருமி இல்லாத தண்ணீர். தாது இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு அடுத்த கவலை.

இரண்டாவது தடவை "ஸ்டெரைல் வாட்டர்" என்று கேட்டேன். ஊசிமருந்து கலக்கும் பிளாஸ்டிக் குப்பி வந்தது, 10 மில்லி. ஒரு தடவை கழுவ 240 மில்லி வேண்டும். 24 குப்பியை உடைத்து ஊற்றுவதற்குள் மூக்கடைப்பு தானாகவே போய்விடும்.

மூன்றாவது தடவை "சலைன் பாட்டில்" என்று கேட்டதில் கிடைத்தது டி.என்.எஸ். அதில் உப்போடு குளுக்கோஸும் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரால் மூக்கு கழுவ வேண்டியதில்லை. டிரிப்ஸ் பாட்டில்கள் எல்லாமே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைப் பையன் அவசரத்தில் எதையாவது எடுத்து நீட்டிவிடுவான். கேட்க வேண்டியது "என்.எஸ்.", அதாவது நார்மல் சலைன். பாட்டிலின் மேல் சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்பது மட்டும் இருக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற வார்த்தை கண்ணில் பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 500 மில்லி என்.எஸ். இரண்டு தடவைக்கு வரும். உடைத்த பாட்டிலை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்கக் கூடாது. பயணத்துக்கும், அடுப்புப் பக்கம் போக முடியாத நாளுக்கும் இது வசதி. தினமும் கழுவுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

கடைசியில் பார்த்தால் இந்த அலைச்சல் எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை. வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீரே போதும். ஆனால் நாம் கொதிக்க வைக்கிற விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு முழுசாக ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். ஓரத்தில் குமிழ் கட்டியதும் இறக்கிவிடுவது கணக்கில் வராது. சுமார் 2000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்களில்தான் மூன்று நிமிடம். மாஞ்சோலை மலைக்காரர்களுக்கும் ஒரு நிமிடமே போதும். பிறகு மூடி போட்டு, அந்தப் பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும்.

இங்கேதான் நம் கை சும்மா இருக்காது. வெந்நீர் என்றாலே பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவித்தானே நமக்குப் பழக்கம்? குளிக்க விளாவலாம், மூக்குக்கு விளாவவே கூடாது. அரைச் செம்பு பச்சைத் தண்ணீர் விழுந்தாலும் கொதிக்க வைத்தது வீண். ராத்திரி கொதிக்க வைத்து மூடிவிட்டால் காலைக்கு ஆறியிருக்கும். அவசரமென்றால் பாத்திரத்தை மூடியோடு ஒரு தாம்பாளத் தண்ணீரில் வையுங்கள். ரொம்ப ஆறிவிட்டால், கழுவுகிற பாட்டிலை மூடியபடி சுடுதண்ணீருக்குள் நிறுத்தி இளஞ்சூடாக்கிக் கொள்ளலாம்.

இன்னொரு பொறி சித்திரை வெயிலில். மத்தியானம் ரெண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பதமான சூட்டில் கொட்டும். "சூடாத்தான இருக்கு, இதுலயே உப்பைப் போட்டுருவோம்" என்று தோன்றும். அந்தச் சூடு கிருமியைக் கொல்கிற சூடு இல்லை, வளர்க்கிற சூடு. நெக்லேரியா ஃபவுலேரி என்கிற அமீபாவுக்குச் சூடான நன்னீர்தான் பிடித்த இடம். அது கலந்த தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கின் உச்சிக்குப் போய்விட்டால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-ல் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் இப்படித்தான் இறந்தார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் வரும் கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் செய்தி வந்தபடியே இருந்ததை நாமும் பார்த்தோம். ஒரு நிமிடக் கொதியில் அந்த அமீபா செத்துவிடும். "நாங்க தாமிரபரணித் தண்ணி குடிக்கிறவங்க, எங்களுக்கென்ன" என்ற பேச்சு இதில் எடுபடாது. ஆர்.ஓ. தண்ணீர், இருபது லிட்டர் கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். இயந்திரம் வடிகட்டியது சரி, அதற்குப் பின்னால் இருக்கிற தொட்டியையும் குழாயையும் யார் கழுவினார்கள்?

ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரிப்பு போகாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், மீதி தண்ணீரிலேயே நிற்கும். அதில் நாமும் உப்பைப் போட்டால் அளவு தப்பி மூக்கு எரியும். ஆர்.ஓ. தண்ணீரையோ ஆற்றுக்குடிநீரையோ எடுத்துக் கொதிக்க வையுங்கள்.

அடுத்தது உப்பு. உடம்பின் நீரோடு ஒத்துப்போகிற அளவு 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம். இதற்குக் குறைந்தாலும் எரியும், ரொம்பக் கூடினாலும் எரியும். ஆற்றில் குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறிச் சுர்ரென்று உச்சந்தலை வரை இழுக்குமே, உப்பு போதாத தண்ணீர் செய்கிற வேலை அது. அளவு சரியாக இருந்தால் தண்ணீர் உள்ளே போவதே தெரியாது. எரிகிறது என்று உப்பைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு, குறைக்கக் குறைக்க இன்னும் எரியும்.

ஸ்பூன் கணக்கை நம்பித்தான் முதல் நாள் கெட்டேன். 240 மில்லிக்கு ஒரு ஸ்பூன் என்று பல இடத்தில் போட்டிருக்கிறது. ஐந்து மில்லி பிடிக்கும் டீஸ்பூனில் தலைதட்டிய பொடி உப்பு கிட்டத்தட்ட 6 கிராம். 240 மில்லிக்குத் தேவையோ இரண்டு கிராமும் கொஞ்சமும். மூக்கு பழுத்தது போல ஆகிவிட்டது. சிலருக்கு வேண்டுமென்றே உப்பு கூடிய கரைசல் சொல்வார்கள், வீக்கம் வடிய. அது டாக்டர் சொன்னால் மட்டும். கல்லுப்பில் ஸ்பூன் கணக்கே கிடையாது. கல்லின் பருமனைப் பொறுத்து இடைவெளி கூடும் குறையும், இன்று அளந்தது நாளை வராது. தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது என்ற பெருமையில் கல்லுப்பைப் போட்டால், அடியில் கருப்பாக மண்டியும் தங்கும்.

சமையல் தராசு ஒன்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். 2 கிராமை நிறுத்தால் அது பாதிக்குப் பாதி தப்பு, 9 கிராமை நிறுத்தால் பெரிய தப்பில்லை. அதனால் ஒரு தடவைக்கென்று நிறுக்காமல் லிட்டருக்கு 9 கிராமாக நிறுத்துப் போடுங்கள். இரண்டு பேர் காலையும் மாலையும் கழுவினால் ஒரு லிட்டர் ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். தண்ணீரைக் கொதித்த பிறகுதான் அளக்க வேண்டும், கொதியில் கொஞ்சம் வற்றியிருக்கும். அளக்கிற பாத்திரத்தையும் கொதித்த தண்ணீரால் அலசிக்கொள்ளுங்கள். சூடு இருக்கும்போதே உப்பைப் போட்டால் முழுக்கக் கரையும். கரையாமல் அடியில் தங்கினால் முதல் பாதி சப்பென்றும் கடைசிப் பாதி கரிப்பாகவும் வரும்.

லிட்டருக்குக் கால் டீஸ்பூன் ஆப்பச்சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும், கெட்டிச் சளியும் இளகும். ஆப்பச்சோடா வேறு, கேக்குக்குப் போடுகிற பேக்கிங் பவுடர் வேறு. பின்னதில் புளிப்பு உப்பும் மாவும் கலந்திருக்கும், மூக்குக்கு ஆகாது. அயோடின் சேர்க்காத உப்பு நல்லது என்பார்கள். மளிகைக் கடையில் விற்கிற சாப்பாட்டு உப்பு அயோடின் கலந்ததாகத்தான் இருக்கும். பலருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அளவெல்லாம் சரியாக இருந்தும் எரிகிறதென்றால் அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாறிப் பாருங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 240 மில்லிக்கு ஒன்று என்று அளந்து கட்டிய பொட்டலம், அமுக்குகிற பாட்டிலோடு மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதற்கும் தண்ணீர் நாம்தான் கொதிக்க வைக்க வேண்டும். பாட்டிலைக் கொடுக்கிறவர் அதைச் சொல்வதில்லை.

வீட்டில் கிடக்கிற பித்தளைக் கெண்டியை எடுக்க நினைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டுக் களிம்பு ஏறும், கெண்டி மூக்கின் முனையும் நம் மூக்குத் துவாரத்துக்குப் பொருந்தாது. எவர்சில்வரிலோ பீங்கானிலோ ஜலநேதிக்கென்றே (யோகாவில் மூக்கு கழுவுவதற்கு அந்தப் பெயர்) செய்த கெண்டி சரி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அமுக்குகிற பாட்டில் எளிது.

கழுவுவது சின்ன வேலை. வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிந்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, பாட்டில் முனையை ஒரு துவாரத்தில் வைத்து மெதுவாக அமுக்கினால் தண்ணீர் மறுபக்கம் வழியாக இறங்கும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கெண்டி என்றால் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து மேல் துவாரத்தில் ஊற்ற வேண்டும். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறுகிறதா? "கா... கா..." என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே அமுக்குங்கள். அப்படிச் சொல்லும்போது உள்நாக்குப் பக்கம் மேலே தூக்கித் தொண்டை வாசலை அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர்கள் காக்காவுக்குச் சோறு வைக்கிறீர்களா என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

முடித்ததும் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் பலமாகச் சிந்தாதீர்கள். இது எனக்கு யாரும் சொல்லாதது, அன்று சாயங்காலம் வரை காது அடைத்தே இருந்தது. மூக்கையும் காதையும் இணைக்கிற குழாய் வழியாகத் தண்ணீர் அழுத்தத்தில் ஏறிவிடுகிறது. இரண்டு துவாரமும் திறந்திருக்க, மெல்லச் சிந்த வேண்டும். எவ்வளவு சிந்தினாலும் கொஞ்சம் உள்ளே தங்கும். அரை மணி கழித்துச் செருப்பு மாட்டக் குனிகிறபோது சட்டையில் ஒழுகும். கழுவியதும் நாலைந்து தடவை குனிந்து, தலையை இரண்டு பக்கமும் சாய்த்து வடித்துவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரியென்றால் படுக்க ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் படுத்ததும் தொண்டையில் இறங்கி இருமல் வரும். மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே இருந்தால் கழுவிக் கால் மணி கழித்து அடியுங்கள். அடித்துவிட்டுக் கழுவினால் மருந்து சாக்கடைக்குப் போகும்.

சைனஸ் கழுவுவது என்று பெயர்தானே தவிர, ஆபரேஷன் ஆகாதவர்களுக்குத் தண்ணீர் சைனஸ் அறைக்குள் பெரிதாகப் போவதில்லை. மூக்கின் உட்புறமும் அந்த அறைகளின் வாசலும்தான் கழுவப்படுகின்றன. வாசல் திறந்தால் உள்ளே தேங்கியது தானாக வடியும். ஆகவே நெற்றிக் கனம் முதல் தடவையிலேயே இறங்கவில்லை என்று பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். தூசியும் கெட்டிச் சளியும் போவது அன்றைக்கே தெரியும்.

இரண்டு துவாரமும் கல்லாக அடைத்திருக்கும்போதும், காது வலிக்கும்போதும், மூக்கில் ரத்தம் வரும்போதும் கழுவாதீர்கள். மூக்கில் ஆபரேஷன் ஆனவர்கள் செய்தவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால், ஒரு பக்கத்தில் மட்டும் தெளிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூக்கு கழுவிய சில நாட்களில் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். போனதும் மூக்கு கழுவுகிற விஷயத்தையும் எந்தத் தண்ணீர் என்பதையும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

பாட்டிலை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரால் அலசி, மூடியைக் கழற்றித் தலைகீழாகக் காயவிட வேண்டும். பாத்ரூமில் வேண்டாம், காற்றோட்டமான ஜன்னலோரத்தில். வீட்டில் எத்தனை பேர் கழுவுகிறார்களோ அத்தனை பாட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், உள்ளே வழவழப்போ கருப்புப் புள்ளியோ தெரிந்தால் அதற்கு முன்பே. அந்த பேட்டரித் தண்ணீர் கேனைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் அதைக் குடித்தது.