மாட்டுக்காக ஒரு வேலி

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் 19 வருஷம் இருந்தவன் நான். ஒரு பெட்டி கையுறை வாங்குவதென்றாலும் மூன்று கடையில் கொட்டேஷன் கேட்டே பழகிய கை. அங்கிருந்து வெளியே வந்ததும், ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருக்கும் சின்னக் கல்வி அறவாரியத்தில் சேர்ந்தேன். வகுப்பறைத் திட்டங்களுக்கென்று ஆசிரியர்களுக்கு மானியம் கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஆளுக்கு 1,000 ரிங்கிட்டைத் தாண்டாது. விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. சேர்ந்த முதல் வாரமே படிவத்தில் ‘மூன்று கொட்டேஷன் இணைக்கவும்’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்ட நினைப்பு.

இப்படி ஆசிரியர்களுக்கு மானியம் கொடுக்கும் யோசனையே எங்கள் தலைவர் கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்தபோது கொண்டு வந்தது. அங்கே 1978-இல் ‘முன்மொழிவு 13’ என்ற வாக்கெடுப்பு சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டுவிட்டது. பள்ளிகள் அந்த வரியை நம்பித்தான் இருந்தன. அப்புறம் ஊருக்கு ஊர் பெற்றோரும் கடைக்காரர்களும் கூடி அறவாரியம் அமைத்து, உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பங்கை நேராக ஆசிரியர்களின் சின்னத் திட்டங்களுக்கு ஒதுக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு.

நம் நிலைமை வேறு. ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சு கொடுக்கிறது. பள்ளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியமும் வருகிறது. பிறகு எங்களுக்கு என்ன வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்பதில்தான் சிக்கல். 150 மாணவருக்குக் கீழே போனால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’. தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகளில் பல இந்தக் கணக்கில் வரும். நாற்பது தலைக்கு வரும் பணம் நாற்பது தலைக்கானதுதான். ஆனால் ஒரு நுண்ணோக்கியின் விலை நாற்பது பேர் பார்த்தாலும் நானூறு பேர் பார்த்தாலும் ஒன்றே. மிச்சத்தை டீச்சரின் கைப்பை ஈடுகட்டும். மணிலா அட்டை, பசை, வண்ணத்தாள், பரிசு கொடுக்க பென்சில் என்று மாதாமாதம் கரையும் அந்தக் காசுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பைச் சொல்வார்கள். எங்கள் காசோலை வழங்கும் விழாவில் 1816 வராத உரையை நான் இன்னும் கேட்டதில்லை. நன்கொடையாளர்களுக்கு அந்த உரையும், பெரிய அட்டைக் காசோலையோடு ஒரு படமும், வருமான வரிக்கழிவுக்கான ரசீதும் கிடைத்தால் திருப்தி. குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பணம் ஏது?

2019-இல் ஒரு விண்ணப்பம் வந்தது. பெருநிலப் பக்கம், தென் செபராங் பிறையில் ஒரு சின்னப் பள்ளி, நான்காம் ஆண்டு வகுப்பு. மற்றவர்கள் ‘21-ஆம் நூற்றாண்டுத் திறன்கள்’, ‘உயர்நிலைச் சிந்தனை’ என்று நான்கு பக்கம் நிரப்பியிருக்க, இது பதினோரு வரி. மழையை அளக்கப் போகிறார்களாம். தண்ணீர் போத்தல்கள் பிள்ளைகள் கொண்டு வருவார்கள், கடையில் விற்கும் மழைமானி ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நோட்டுப் புத்தகம் பன்னிரண்டு. மொத்தம் 540 ரிங்கிட். அதில் 310 கம்பி வலைக்கும் கட்டைக்கும். கொட்டேஷன் ஒன்றே ஒன்று, பக்கத்து ஹார்டுவேர் கடையில் கையால் எழுதி வாங்கியது.

அறிவியல் திட்டத்தில் பாதிக்கு மேல் வேலிக்கா? எனக்குள் இருந்த கொள்முதல்காரன் எழுந்து உட்கார்ந்தான். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. “மாடு, ஐயா.” அவ்வளவுதான்.

நான் போட்ட மதிப்பெண்ணுக்கு அந்த விண்ணப்பம் தேறியிருக்காது. தலைவர்தான் அந்தப் பதிலைப் படித்துச் சிரித்துவிட்டு, “இந்த டீச்சருக்குக் கொடுங்க, இடம் தெரிஞ்சு கேக்கறாங்க” என்றார்.

அக்டோபரில் பார்வையிடப் போனேன். பினாங்கில் மழை அடித்து ஊற்றும் மாதம். 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தில் ஏறி பத்து காவானில் இறங்கி, செம்பனைக்கு நடுவே போகும் பாதையில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். திடலோரம் இடுப்பளவு வேலி. வெளியே இரண்டு மாடுகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. உள்ளே எட்டு போத்தல்கள், எல்லாம் ஒன்றரை லிட்டர். மேல்பகுதியை அறுத்துத் தலைகீழாகச் செருகினால் அதுவே புனல். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, அதற்கு மேல் ஒரு கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழியமாக வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் ரூலர் ஒட்டியிருந்தது. குனிந்து பார்க்கப் போனேன். ஒரு பையன் ஓடி வந்து, “ஐயா, கால் படாம நில்லுங்க, இன்னும் படிக்கல” என்று தடுத்தான். படிப்பது என்றால் அளவெடுப்பது. காலை 7:40-க்கு, சபைகூடலுக்குப் பிறகு.

வேலிக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் ஒன்று, கூரை விளிம்பின் கீழே ஒன்று என்று இன்னும் இரண்டு போத்தல்கள். வேண்டுமென்றே வைத்தவை. மரத்தடியில் குறைவாகவும் கூரையடியில் நிரம்பி வழிந்தும் இருக்க, எது உண்மையான மழை என்று வகுப்பில் ஒரே சண்டை.

அப்புறம் ஒரு பெண்பிள்ளை, தண்ணீரை லிட்டரில்தானே அளப்போம், மழையை மட்டும் ஏன் மில்லிமீட்டரில் அளக்கிறோம் என்று கேட்டது. டீச்சர் பதில் சொல்லவில்லை. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக ஓரங்களுக்கு அடியில் ரூலர்களைக் கொடுத்து உயர்த்தி, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் பரவி, நகக் கனத்துக்கு நின்றது. ஒரு பையன் விரலை வைத்துப் பார்த்தான். அந்த நகக் கனம்தான் ஒரு மில்லிமீட்டர். உடனே வகுப்பறைக் கணக்குப் போட்டார்கள். ஏழுக்கு ஒன்பது மீட்டர், 63 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரை மேல் மட்டும் 6,300 லிட்டர். பிள்ளைகள் மேலே நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கையே மூழ்கடித்த மழை அவர்களுக்கு நினைவிருக்கும் வயதுதான். அப்போது எட்டு வயது. அவர்களில் இரண்டு பேர் வீட்டில் மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியிருந்ததாம். அதை டீச்சர் விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அதைக் காட்டிக் காசு கேக்க மனசு வரல, ஐயா” என்றார்.

திரும்பி வந்து மூன்று கொட்டேஷன் வரியை அடித்துவிட்டேன். நல்ல படிவம் எழுதுகிறவர் நல்ல திட்டம் வைத்திருப்பார் என்று நம்புவது எங்களுக்குச் சௌகரியம், அவ்வளவே. இப்போது படிவம் ஒரே பக்கம். சந்தேகம் இருந்தால் நாங்கள் போய்ப் பார்க்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று இல்லை. பணம் ஆசிரியர் கைக்குப் போகாது. பள்ளிக் கணக்குக்குப் போய், தலைமையாசிரியர் கையெழுத்தோடு வெளியே வர வேண்டும். அதற்குள் பலர் சொந்தக் காசில் வாங்கி முடித்துவிடுவார்கள். ஒரு டீச்சர் வருஷக் கடைசியில் அனுப்பிய ரசீதுகள் வெள்ளைத் தாளாக வந்தன. வெப்பத்தில் அச்சாகும் தாள், வெப்பத்திலேயே அழிந்துபோகிறது. நான் ‘ரசீது இல்லை’ என்று எழுதி அனுப்ப, அவர் 86 ரிங்கிட்டைத் திருப்பிக் கட்டினார், ஒரு வார்த்தை பேசாமல். அந்தக் கடிதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. 2022-இல் பள்ளித் தவணை மார்ச்சுக்கு நகர்ந்தபோது எங்கள் பணம் பழையபடி ஜனவரியில் போய் நின்றது. பழைய ஆண்டு வகுப்பு முடியும் நேரத்தில் விதை வாங்கி யார் நடுவது?

மழை டீச்சர் 2021-இல் மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டார். எங்கள் திட்டங்களில் பாதி இப்படித்தான், ஆள் போனதும் சாமான்கள் ஸ்டோர் அறைக்குப் போய்விடும். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். போத்தல் ஒன்றும் இல்லை. வேலிக்குள் கத்தரிச் செடிகள். புதிதாக வந்த டீச்சர் நட்டது; மழை அளந்த கதை அவருக்குத் தெரியாது. திட்டம் தொடர்கிறதா, நின்றுவிட்டதா என்று எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள். இரண்டிலும் டிக் போடாமல் கோப்பை மூடினேன்.

இந்த ஆண்டு அந்தக் கத்தரி டீச்சரிடமிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது. கூரைத் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு விட ஒரு தொட்டி, குழாய், முட்டு. மொத்தம் 420 ரிங்கிட். அடியில் பேனாவால் ஒரு வரி: ‘வேலி ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பணம் வேண்டாம்.’