செவலைக்கு ‘நில்’ பழக்கிய 61 நாள்

செவலை எங்கள் தெருவிலேயே பிறந்த நாய். இரண்டு வயதாகிறது. உட்காரு, வா, கை கொடு எல்லாம் குட்டியிலேயே கற்றுக்கொண்டான். ஆனால் சென்னையின் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் நாய் வளர்க்க இவை போதாது. தெருமுனையைத் தாண்டினால் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை. இந்தப் பக்கம் மீன் கழிவு, அதற்குள் எங்கேயாவது ஒரு தூண்டில் முள் கிடக்கும். ஓடுகிறவனைத் தூரத்திலிருந்தே நிறுத்த ஒரு சொல், கவ்வப் போனதை விடவைக்க ஒரு சொல். இந்த இரண்டும் வராமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார ‘இரு’ என்று பழக்கினேன். மாடியில் அழகாகச் செய்தான், வீட்டுக்குள் வந்தால் சொதப்பினான். காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. அம்மா நாள் முழுக்க ‘இரு’ சொல்கிறார். தண்ணீர் லாரிக்காரரிடம் “இருப்பா, குடம் எடுத்தாறேன்”, போனில் “இருடி”, என்னிடம் “இருடா, தோசை ஆவுது”. நூறு முறை காதில் விழுந்தும் ஒன்றும் நடக்காத சொல்லை நாய் ஏன் மதிக்க வேண்டும்? ‘சிலை’ என்று மாற்றினேன். நான்கே நாளில் பிடித்துக்கொண்டான்.

‘நில்’தான் கடினம். தின்பண்டம் நம் கையில் இருப்பதால், நாய் நம் காலடிக்கு வந்துதான் நிற்கப் பார்க்கும். அதனால் மாடியில் தொட்டித் தூணில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவன் மார்புப் பட்டையில் மாட்டினேன். கழுத்துப் பட்டை வேண்டாம், வேகமாக வந்தால் கழுத்தை இறுக்கும். எதிரே நின்று கூப்பிடுவேன். கயிறு தீர்வதற்குள் கையை உயர்த்தி ‘நில்’. நின்ற நொடியே, வேகவைத்த கோழி ஈரலில் வேர்க்கடலை அளவு ஒரு துண்டை அவன் தலைக்கு மேலாக வீசுவேன். அது பின்னால் போய் விழும். ஈரல் பின்பக்கம்தான் விழும் என்று தெரிந்ததும், முன்னால் வருவதை அவனே விட்டுவிட்டான்.

‘விடு’ சுலபமாக வந்தது. மூடிய கையில் பிஸ்கட், அவன் மூக்கை விலக்கியதும் மறுகையிலிருந்து ஈரல். அவ்வளவுதான்.

சரி, மாடியில் தெரிந்தது தெருவில் செல்லாது. இடம் மாறினால் நாய்க்குப் பாடமே புதிது. நல்லவேளையாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன, கூட்டம் குறைவு. தார் சூடாவதற்குள், காலை ஆறு மணிக்குப் பத்து மீட்டர் கயிற்றோடு துறைமுகத்துக்குப் போவோம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் அவன் மனம் நிற்காது. முதல் வாரம் நான் “நில் நில் நில்” என்று கத்தினேன். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், “ஒரு வாட்டி சொல்லு தம்பி, மூணு வாட்டி சொன்னா மூணாவதுக்குத்தான் கேப்பான்” என்றார். அன்றிலிருந்து ஒரே முறைதான்.

தடை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏலக் கூச்சல், ஐஸ் பெட்டிகள், வழியெல்லாம் ஈரம். பூனை ஒன்று சங்கரா மீனைக் கவ்விக்கொண்டு ஓட, கயிறு என் கையிலிருந்து நழுவியது. செவலை பாய்ந்த திசையில் மீன்பாடி வண்டி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

“நில்.”

நின்றான். முன்னங்கால் ஒன்று தரையில் படாமல் அந்தரத்தில். காது இரண்டும் என் பக்கம். வண்டி அவன் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. பையில் இருந்த ஈரல் முழுவதையும் அவன் முன்னால் கொட்டிவிட்டு, அந்த ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன்.