இடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த பாரிஸ்

பாரிஸ் போறவங்க நிறைய பேரு ஈஃபிள் டவர், லூவ்ரு, செய்ன் ஆத்துல ஒரு போட் ரைடுனு முடிச்சுக்கிறாங்க, எனக்கு அந்த ஊருக்குப் போகணும்னு ஆசை வந்ததே ஷார்ல் மார்வில் எடுத்த பழைய தெரு ஃபோட்டோக்களைப் பாத்துதான். இன்னைக்கு நாம பாரிஸ்னு சொன்னதும் மனசுல வர்ற அகலமான ரோடு, ஒரே உயரத்துல வரிசையா கட்டடம், இரும்புக் கம்பி வச்ச பால்கனி இதெல்லாம் பெரும்பாலும் 1850களுக்கு அப்புறம் வந்தது. 1853ல பிரான்ஸோட பேரரசர் மூணாம் நெப்போலியன், ஓஸ்மான்ங்கிறவரை பாரிஸ் இருந்த செய்ன் மாவட்டத்துக்கு நிர்வாகியா போட்டாரு, நம்ம ஊரு கலெக்டர் மாதிரி பதவி, அவரு 1870 வரைக்கும் இருந்து பழைய ஊரை வெட்டித் தள்ளி புது ரோடு போட்டுக்கிட்டே இருந்தாரு. 1860ல சுத்தி இருந்த கிராமங்களையும் ஊரோட சேத்து, 12 வட்டாரமா இருந்ததை 20 ஆக்கினாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பெருசா படுற விஷயம் என்னன்னா, இடிக்கச் சொன்ன அதே நகர நிர்வாகம்தான் இடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் படம் எடுத்து வைங்கன்னு மார்விலுக்கு வேலையும் குடுத்துச்சு. 1862ல இருந்து நகரத்தோட அதிகாரப்பூர்வ ஃபோட்டோகிராஃபர் அவரு, போகப்போற தெருக்களை மட்டும் 400க்கு மேல எடுத்திருக்காரு. அப்போ ஃபோட்டோ எடுக்கிறதுன்னா லேசுப்பட்ட காரியமா, கண்ணாடித் தகடுல கொலோடியன்ங்கிற பிசுபிசுப்பான திரவத்தைத் தடவி, வெள்ளி நைட்ரேட்டுல முக்கி, அது காயறதுக்குள்ள எடுத்து அங்கயே டெவலப்பும் பண்ணிடணும், அதனால கேமரா, ஸ்டாண்டு, கெமிக்கல், இருட்டு கூடாரம்னு மொத்த செட்டப்பையும் ஒவ்வொரு சந்துக்கும் தூக்கிட்டுப் போகணும்.

மரே ஏரியாவுல இருக்கிற கார்னவாலே மியூசியம் முழுக்க பாரிஸ் ஊரோட சரித்திரம்தான். அந்த மாளிகையை நகராட்சி 1866ல வாங்கி 1880ல மியூசியமா திறந்தாங்க, இப்பவும் நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது. பழைய பிரிண்ட் எல்லாம் வெளிச்சம் பட்டா மங்கிடும்ங்கிறதால அம்புட்டையும் சுவத்துல மாட்டி வைக்க முடியாது, ஆனா 2020ல இருந்து பாரிஸ் நகர மியூசியங்கள் ஒரு லட்சத்துக்கு மேல படங்களை இலவசமா டவுன்லோட் பண்ண விட்டுட்டாங்க, நானும் மார்வில் படங்களா பாத்து ஃபோன்ல ஏத்திக்கிட்டேன்.

அதுல ஒரு படத்தைப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு குறுகலான தெரு, ரெண்டு பக்கமும் சாய்ஞ்ச மாதிரி உயரமான வீடுங்க, நடுவுல சாக்கடை ஓடுது, தண்ணி பட்ட கல்லு ஒவ்வொண்ணும் மின்னுது, சுவத்துல போஸ்டர், ஒயின் கடை போர்டுல இருக்கிற எழுத்தைக்கூட படிக்கலாம். ஆள்தான் இல்ல. ஒரு படம் பதிய பல செகண்டு ஆகும்ங்கிறதால நடந்து போனவன் யாரும் பதிவாகல, எங்கயாவது புகை மாதிரி ஒரு கறை தெரிஞ்சா அதுதான் மனுஷன். அங்க குடியிருந்த ஏழைங்க பெல்வில் மாதிரி ஊர் ஓரத்துக்குப் போக வேண்டி வந்துச்சு, அவங்க முகம் நமக்குக் கிடைக்கல, ஆனா கடை போர்டும் தேஞ்ச வாசப்படியும் கிடைச்சிருக்கு, இதுவாவது மிஞ்சுச்சேன்னு எனக்கு மார்வில் மேல பெரிய மரியாதை வந்துடுச்சு.

அப்புறம் ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு நடந்தேன். அவென்யூ த லோபேராவுல நின்னு பாத்ததுதான் உச்சம். இப்போ லூவ்ரு பக்கத்துல இருந்து ஓபரா ஹவுஸ் வரைக்கும் மரமே இல்லாம நேரா போகுது அந்த ரோடு, ஆனா 1870கள்ல மார்வில் எடுத்த படத்துல அங்க ஒரு மேடு இருக்கு, ஒரு காலத்துல காத்தாலை நின்ன மேடு, அதைப் பாதி வெட்டிப் போட்டு இடிஞ்ச சுவரும் மண்ணுமா கிடக்கு. அந்த மேட்டையே கரைச்சுட்டு 1877ல ரோட்டைத் திறந்திருக்காங்க, நான் நின்ன இடம் அதுக்கு அடியில இருந்த மண்ணு.

பியெவ்ர்னு ஒரு சின்ன ஆறும் உண்டு, கரையெல்லாம் தோல் பதனிடுற பட்டறையா மார்வில் எடுத்திருக்காரு, நாத்தம் தாங்காம கொஞ்சம் கொஞ்சமா மூடி 1912ல பாரிஸுக்குள்ள முழுசா மூடிட்டாங்க. இப்போ அது போன வழியில தரையில வட்டமா வெண்கலத் தகடு பதிச்சிருக்காங்க, குனிஞ்சு பாத்தாதான் தெரியும்.

மார்வில் 1879ல இறந்துட்டாரு. அவருக்கு அப்புறம் வந்த ஃபோட்டோகிராஃபர் அட்ஜே, இவருக்கு யாரும் மொத்தமா வேலை குடுக்கல, தானாவே 1890களோட கடைசியில ஆரம்பிச்சு 1927ல சாகுற வரைக்கும் பழைய பாரிஸைத் தேடித்தேடி எடுத்து மியூசியத்துக்கும் லைப்ரரிக்கும் வித்திருக்காரு, 1920ல 2,600 நெகட்டிவுக்கு மேல அரசாங்கத்துக்கு 10,000 ஃப்ராங்குக்குக் குடுத்திருக்காரு.

நான் தங்கினது லா ஷாப்பல்ல, கார் து நோர் ஸ்டேஷன் பக்கம், இலங்கைத் தமிழர் கடைங்க வரிசையா இருக்கிற இடம். அதுவும் 1860ல ஊரோட சேத்த கிராமம்தான். கறிவேப்பிலை கட்டு, புடவைக் கடை, நகைக்கடை தமிழ் போர்டு எல்லாம் பாத்தப்போ, இதை யாராவது தெருத்தெருவா, கடை கடையா இப்பவே எடுத்து வைக்கணும்னு தோணுச்சு, அங்க இருக்கிற நம்ம பசங்களே செஞ்சா இன்னும் நல்லா இருக்கும்.

போறவங்களுக்கு ஒரு தகவல், கார்னவாலே திங்கக்கிழமை லீவு, மெட்ரோவுல சென் போல் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம்தான். படங்களை முன்னாடியே டவுன்லோட் பண்ணி, எந்தத் தெருன்னு மேப்ல குறிச்சு வச்சுக்கிட்டுப் போங்க, பாதித் தெருவோட பேரே இப்போ இருக்காது.